சென்றாயன் பெயருக்கு நேரே

1939 ஜூன் 4

“உங்கள் நோட்டில் காயமே படாத ஆட்டக்காரன் யார்?”

ஐந்து வருஷத்துக்கு முன்பு சென்னையில், மாகாண ஹாக்கி அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வந்த பெரியவர் ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. நோட்டைத் திறக்காமலே பதில் சொன்னேன். “சென்றாயன், ஐயா. நாலு வருஷமாக அவன் பெயருக்கு நேரே ஒரு கோடுகூடக் கிடையாது.” அவர் தம் கையிலிருந்த காகிதத்தில் பெயரைக் குறித்துக்கொண்டார். நானே மாகாணத்துக்கு ஆடப் போகிறவன் போல அன்று இரவு சாப்பிட மறந்தேன்.

இன்று செம்மேட்டுச் சந்தையிலிருந்து திரும்பும்போது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. சென்றாயன் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். தலையில் என் அரிசி மூட்டை. எங்கள் மலையூரான வளப்பூர் நாட்டுக்கு இறங்கும் சரிவில் சட்டென்று நின்றான். வலது கால் பாதி மடங்கியபடி நின்றுவிட்டது. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள் பாதியில் சிக்கிக்கொள்ளுமே, அப்படி. மூட்டையை இறக்கச் சொன்னேன். இறக்கவில்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு காலை இரண்டு மூன்று முறை உதறினான். உள்ளே டக்கென்று ஏதோ விடுபட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“என்ன சென்றாயா?”

“ஒண்ணுமில்லீங்க வாத்தியாரய்யா. கல்லு.”

கல் எதுவும் இல்லை. நான் குனிந்து பார்த்தேன்.

1939 ஜூன் 7

மறுபடியும் பூட்டிக்கொண்டது. இந்த முறை மாட்டுக் கொட்டிலில். அவன் மனைவி கண்ணாயி பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். “நாலு மாசமா இப்புடித்தானுங்க” என்றாள்.

நாலு மாதம். ஓய்வு பெற்று மலைக்கு வந்த எனக்கு அவன் கட்டிக் கொடுத்த வீட்டில், அவன் வாசலிலிருந்து முப்பது அடி தள்ளி இருக்கிறேன்.

1939 ஜூன் 15

சேலத்துக்கு அழைத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு இன்றுதான் மலை ஏறினோம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வரும் வழியில் இரண்டு இடத்தில் கால் நின்றது. இரண்டு முறையும், வாத்தியாரய்யாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லித்தான் உட்கார்ந்தான்.

டாக்டர் சொன்னது இது. முழங்காலுக்குள்ளே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு கிழிந்து மடங்கிக் கிடக்கிறது. அது இடுக்கில் மாட்டும்போதெல்லாம் கால் பூட்டிக்கொள்ளும். கிழிந்ததை அறுத்து எடுத்துவிட்டால் நன்றாக நடப்பான். அந்த வேலை தெரிந்தவர் சென்னையில் ஒரு வெள்ளைக்கார சர்ஜன். “புது அடி இல்லை இது. பல தடவை பட்டிருக்கிறது. எப்போதெல்லாம் என்று தெரியுமா?” என்று கேட்டார். சென்றாயன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்த சர்ஜனை எனக்குத் தெரியும். எங்கள் ஹாக்கிக் கழகத்து ஆட்டக்காரர்களை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்து அனுப்புகிறவர். போன வருஷம் எங்கள் கோல் காவலன் செங்கோடனுக்கு அவர்தான் தோளைச் சரிசெய்தார். கழகத்துக்கு ஒரே நிபந்தனைதான். காயம் ஆட்டத்தில் பட்டதாகக் காயப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

அந்தக் காயப் பதிவேடு என் கையெழுத்து.

விளக்கை ஏற்றிப் பெட்டியைத் திறந்தேன். 1930 முதல் 1936 வரை, ஒரு ஆட்டக்காரனுக்கு ஒரு பக்கம். எங்கே பட்டது, எதனால் பட்டது, எத்தனை ஆட்டம் தவறினான், என்றைக்குத் திரும்பினான். செங்கோடனுக்குப் பதினோரு பதிவு. சென்றாயன் பக்கத்தில் பெயர் இருக்கிறது. வயது இருக்கிறது. ஆடும் இடம் லெப்ட் ஹாப் என்று இருக்கிறது. மற்றதெல்லாம் வெள்ளை.

1939 ஜூன் 16

ஏன் வெள்ளை என்பதை எனக்கே விளக்கிக்கொள்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குத் தெரிந்த ஒரே பதிவேடு வருகைப் பதிவேடு. காய நோட்டை அதைப் பார்த்துத்தான் கோடு போட்டேன். ஆட்டத்துக்கு வந்தால் ஆஜர். வராவிட்டால் காரணம். ஒரு ஆட்டமாவது தவறினால்தான் காயம் என்று விதி வைத்தவன் நான்தான். சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் முனகுகிறவர்களை ஒதுக்குவதற்காக அந்த விதி. எல்லோரும் மெச்சினார்கள். சுத்தமான நோட்டு என்றார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தைச் சமன்படுத்தும் உருளையை இழுக்க மலையிலிருந்து வந்தவன் சென்றாயன். மதிய நேரத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன உடைந்த மட்டையை எடுத்து ஆட ஆரம்பித்தான். இரண்டு வருஷத்தில் கழகத்தில் அவனைத் தாண்டிப் பந்து போகாது என்றாயிற்று. வெறுங்கால். எதிராளி கோலுக்கு மிக அருகிலிருந்து ஓங்கி அடிக்கும் நேரத்தில், கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து ஓடி அந்தப் பந்தை மறிப்பது அவன் வேலை. வேறு யாரும் அதற்கு முன்வரவில்லை.

அவன் ஒரு ஆட்டம்கூடத் தவறவில்லை. ஆகவே அவனுக்குக் காயமே இல்லை. கணக்கு எவ்வளவு அழகாகச் சரியாக வருகிறது, பாருங்கள்.

1939 ஜூன் 18

கேட்டேவிட்டேன். மாலையில் அவன் கேழ்வரகுக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

“சென்றாயா, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் உன்னைக் கேட்டேனே, வலி உண்டா என்று. இல்லை என்றுதானே சொன்னாய்?”

“ஆமாங்க.”

“பொய்யா?”

“பொய் இல்லீங்க. சூடு வெச்சாச்சுங்களே.”

எனக்குப் புரியவில்லை. கண்ணாயி சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் வேட்டியை முழங்காலுக்கு மேலே தள்ளினாள். “நல்லாப் பாத்துக்கங்க சாமி. எண்ணிப் பாருங்க.”

முழங்காலைச் சுற்றி, கட்டைவிரல் நக அளவில், வட்டம் வட்டமாகத் தழும்புகள். இதையெல்லாம் நான் பார்க்காதவன் இல்லை. ஏழு வருஷம் மைதானத்தில் பார்த்தேன். சின்னப் பிள்ளையில் இழுப்புக்கோ மாந்தத்துக்கோ போட்ட சூடு என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. இன்று எண்ணினேன். ஏழு.

கண்ணாயி சொன்னாள்: “அடி பட்டா நாலு நாள் லீவு போட்டு மேல வருவாருங்க. நம்ம பெருமாயக்காதான் மஞ்சக் கெழங்கத் தீயில காட்டி வெப்பாங்க. வெச்ச பொறவு அந்த நோவப் பத்திப் பேசப்படாதுங்க. பேசுனா, கூப்புட்டாங்கன்னு திரும்பி வந்துரும்.”

“அதான் வாத்தியாரய்யா கேட்டா இல்லீன்னு சொல்லீருவேன்” என்றான் சென்றாயன், ஏதோ பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளை மாதிரி. “இருக்குதுன்னு சொன்னா வந்துரும்ல.”

“இப்போது வந்துவிட்டதே.”

அவன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான். “அது நீங்க சேலத்துல டாக்டருகிட்டச் சொன்னதால இருக்குமுங்க” என்றான். கண்ணாயி சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

1939 ஜூன் 19

என் நோட்டில் பூஜ்யம். அவன் காலில் ஏழு. எந்த நோட்டு சரியான நோட்டு?

1939 ஜூன் 25

சூடு வைத்த பெருமாயியைப் போய்ப் பார்த்தேன். வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழையும் வரிசையாகச் சொன்னாள். சாமை அறுப்பில் ஒன்று, அவள் மகள் சடங்கான வாரம் ஒன்று, மிளகு காய்ந்துகொண்டிருந்தபோது மழை வந்து கெடுத்த வருஷம் இரண்டு... தேதி தெரியாது. ஆனால் நடுவில் ஒரு முறைகூடத் திக்கவில்லை.

“இதையெல்லாம் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் அம்மா?”

“நாந்தானுங்க சுட்டேன்” என்றாள். “சுட்டவளுக்கு மறக்குமா? அளுதிருந்தாலாச்சும் மறந்திருக்கும். அந்தப் பையன் பல்லக் கடிச்சுட்டு எம்மூஞ்சியவே பாத்துட்டு இருப்பான்.”

வீட்டுக்கு வந்து என் பழைய நாட்குறிப்புகளை எல்லாம் பரப்பினேன். ‘சென்றாயன் நாலு நாள் லீவில் மலைக்குப் போனான்’ என்று நானே எழுதியிருக்கிறேன். மிளகு நனைந்த வருஷம் இரண்டு முறை. சாமை அறுப்புக்கு ஒரு முறை. ஏழில் ஆறு பொருந்துகிறது. ஒவ்வொன்றும் ஒரு பெரிய ஆட்டம் முடிந்த சில நாளில். ஒன்று கல்கத்தாவில் மாகாண அணிக்காக ஆடிவிட்டு வந்த வாரம். அந்த நாளில் என் குறிப்பு: ‘இன்று உருளை இழுக்க ஆள் இல்லை, மைதானம் மேடு பள்ளமாகக் கிடக்கிறது, எரிச்சல்.’

எரிச்சல் பட்டிருக்கிறேன். எழுதியும் வைத்திருக்கிறேன்.

1939 ஜூலை 2

கழகத்துக் காரியதரிசிக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். ஒன்பது பக்கம். ஏழு சூட்டையும் படமாகப் போட்டு, பொருந்திய ஆறுக்கும் நேரே ஆட்டம், தேதி, என் நாட்குறிப்பின் வரி. நோட்டையும் சேர்த்து அனுப்பவில்லை. கேட்டால் அனுப்புவேன் என்று எழுதினேன்.

காரியதரிசி வக்கீல். அதனால் அவருக்குப் புரிய ஒரு உதாரணமும் எழுதினேன். வகுப்பில் ‘புரியாதவர்கள் கை தூக்குங்கள்’ என்கிறேன். முப்பது பேரில் இரண்டு பேர் தூக்குகிறார்கள். மீதி இருபத்தெட்டுப் பேருக்கும் புரிந்துவிட்டது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வாத்தியாரை என்ன செய்வீர்கள்? அந்த வாத்தியார் நான்தான் என்று எழுதினேன்.

1939 ஜூலை 20

பதில் இல்லை. கால் இந்த வாரம் மூன்று முறை.

1939 ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழ்நாட்டு ஜனங்கள் எல்லாம் மலை ஏறி வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் செங்கோடனும் வந்தான். மைதானத்தில் அடிபட்டு விழுந்தால் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறவன். தோள் நன்றாக இருக்கிறது. காட்டுவதற்காகவே என் தண்ணீர்ப் பானையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

சென்றாயன் வீட்டில் மூவரும் சாப்பிட்டோம். செங்கோடன் அவனைச் சீண்டிக்கொண்டே இருந்தான்.

“ஏண்டா, நாலு பேரு பந்தடிக்கறப்ப நாந்தான் மொதல்லன்னு ஓடுவியே, இப்ப ஓடறது.”

“நீ கோலுக்குள்ள கண்ண மூடிட்டு நின்னே. யாராச்சும் ஓடோணுமில்ல?”

“நான் கும்புட்டுட்டு இருந்தேண்டா.”

அப்போது நான் சொன்னேன், கும்பிட்டவன் சென்றாயன்தான் என்று. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் குந்தி மட்டையின் நூல்கட்டை இறுக்கிவிட்டு, எழும்போது வலது கையால் மைதானத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தரையை மதிக்கத் தெரிந்த ஆட்டக்காரன் என்று. உதாரணமாகக் காட்டியிருக்கிறேன்.

செங்கோடன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். “கும்புடலீங்க வாத்தியாரய்யா. கை ஊனாம அவனால எந்திரிக்க முடியாது. எங்க எல்லாத்துக்கும் தெரியும்.”

சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். “நீங்க பாத்துட்டே இருப்பீங்க. அதான் அப்பிடியே கண்ணுல ஒத்திக்குவேன்.”

எல்லாத்துக்கும் தெரியும். எழுதுகிறவன் ஒருவனைத் தவிர.

போகும்போது செங்கோடன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னான். “நான் அளுதேன், நீங்க எழுதினீங்க. அவன் அளுவல. அவ்வளவுதானுங்க வித்தியாசம். அந்தப் பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதீருங்க. கல்கத்தா ஆட்டம், வலது முழங்கால், பந்து. பழைய மை இன்னும் வெச்சிருப்பீங்களே. பொய் இல்லையே அது.”

1939 ஆகஸ்ட் 4

மைக் கூடு மேஜைமேல் இருக்கிறது. சேலத்தில் வாங்கிய அதே மைப்பொடி. பேனா அதே பேனா. பக்கம் காலியாக இருக்கிறது.

எழுதவில்லை.

நடந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் பார்த்து எழுதியதாக ஆகிவிடும். பரீட்சைப் பேப்பரில் பின்னால் விடையை நுழைத்த பிள்ளைகளை வகுப்பை விட்டு வெளியே நிறுத்தியவன் நான். இந்த நோட்டில் ஒரு வரி பின்னால் நுழைந்தது என்றால் மற்ற வரிகள் எல்லாம் என்னாவது? செங்கோடனின் பதினொன்று என்னாவது? உண்மையை ஒன்பது பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேனே. படித்த மனிதர். புரிந்துகொள்வார்.

இதை எழுதும்போது மனது லேசாக இருக்கிறது. நல்லவனாக இருப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, கால் வேறு ஒருவனுடையதாக இருந்தால்.

1939 ஆகஸ்ட் 22

தபால்காரர் கருப்பண்ணன் மலை ஏறி வந்தார். சேந்தமங்கலத்திலிருந்து நடந்தே வருகிறவர். “ஏனுங்க வாத்தியாரே, தெனம் வழியப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. லெட்டரு வந்தா நானென்ன திங்கவா போறேன்?” என்றார். கண்ணாயி அவருக்கு மோர் கொடுத்தாள். கடிதம் இல்லை.

1939 செப்டம்பர் 8

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிவிட்டதாம். சந்தையில் அதே பேச்சு. மிளகு விலை ஏறுமா இறங்குமா என்று என்னைக் கேட்கிறார்கள்.

1939 செப்டம்பர் 27

பதில் வந்தது. முழுவதையும் இங்கே எடுத்தெழுத எனக்குத் தெம்பில்லை. முக்கியமான வரிகள்:

‘தங்கள் பதிவேட்டின் நேர்மைக்குக் கழகம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நேர்மையின் பொருட்டே, அதில் இல்லாத ஒன்றை இப்போது சேர்த்துக்கொள்ள இயலாது. சூட்டுத் தழும்பு எந்தக் காரணத்துக்காகவும் இடப்பட்டிருக்கலாம். விடுப்பு என்பது காயம் ஆகாது. பதிவேட்டில் ஒரே ஒரு குறிப்பு இருந்திருந்தாலும் சர்ஜனிடம் அனுப்பியிருப்போம். அவரும் அடுத்த வாரம் ராணுவ சேவைக்குக் கப்பலேறுகிறார்.’

ஒரே ஒரு குறிப்பு.

கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது. என் பதிவேட்டின் முறை மிகவும் சிறந்ததாக இருப்பதால் அதையே அச்சிட்டு மற்ற ஊர்க் கழகங்களுக்கும் கொடுக்கப்போகிறார்களாம். ஒரு ஆட்டமாவது தவறினால்தான் காயம் என்ற விதியைக் குறிப்பாகப் பாராட்டியிருக்கிறார்.

1939 செப்டம்பர் 28

சென்றாயனிடம் எப்படிச் சொல்வது என்று காலையெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டிருந்தேன். அவன் பலாமரத்தடியில் மூங்கிலைச் செதுக்கிக்கொண்டிருந்தான். ஒற்றை மூங்கில் ஏணி. கணுக் கிளைகளை விரல் நீளம் விட்டு நறுக்கினால் அதுவே படி. மார்கழி, தை மாதங்களில் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க அதில்தான் ஏறுவார்கள்.

சொன்னேன். வெட்டுக்கத்தியை நிறுத்தாமலே கேட்டான்.

“சரிங்க” என்றான்.

“சரி என்றால் என்னப்பா சரி? நான் ஒரு வரி எழுதியிருந்தால் உன்னை அனுப்பியிருப்பார்கள். செங்கோடன் சொன்னான். நான் எழுதவில்லை.”

அப்போதுதான் நிமிர்ந்தான். “எழுதியிருந்தா நீங்க தூங்க மாட்டீங்க. எனக்காக எதுக்குங்க?”

அவன் திட்டியிருக்கலாம். அவன் அப்பன் மாதிரி இருக்கிற ஒருவனைத் திட்டக் கூடாது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? என்னைப் போல ஒரு வாத்தியார்தான் சொல்லிக் கொடுத்திருப்பான்.

“இந்த வருஷம் நீ மரம் ஏற வேண்டாம். ஆள் வைத்துப் பறி.”

“பாக்கலாமுங்க.”

1939 நவம்பர் 14

பத்து நாளாகப் பூட்டவில்லை. பெருமாயி மறுபடி சூடு வைத்திருக்கிறாள். எட்டு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னிடம் வேறு என்ன மருந்து இருக்கிறது?

1940 ஜனவரி 9

கண்ணாயி வந்து, “நீங்க சொன்னாக் கேப்பாரு, மரம் ஏற வேண்டாம்னு இன்னொருக்காச் சொல்லுங்க” என்றாள். போனேன். “இப்போது கால் எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். “நோவே இல்லீங்க” என்றான். நல்லதாகப் போயிற்று என்று திரும்பிவிட்டேன்.

இதை எழுதிவிட்டு மேலே படித்துப் பார்க்கிறேன். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். மறுபடியும் அதே பதிலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பெருமாயி சூடு வைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவன் வேறு என்ன சொல்வான்?

நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய் ஏணியை எடுத்து வந்து என் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1940 ஜனவரி 10

நான் எழுவதற்கு முன்பே ஏறிவிட்டான்.

1940 ஜனவரி 13

மூன்று நாளாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கண்ணாயி கீழே கூடையோடு நின்றிருக்கிறாள். ஏறும்போது ஒன்றும் இல்லையாம். கொடி முழுக்கப் பறித்துவிட்டு இறங்கும்போது, பாதி ஏணியில், வலது கால் அடுத்த கணுவைத் தேடிக் கீழே வரவில்லையாம். “நின்னுபோச்சுங்க. உதறப் பாத்தாரு. ஏணியில நின்னுட்டு எப்புடி உதறறது?” இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஏணியில நின்னுட்டு எப்புடி உதறறது.

இரண்டு ஆள் உயரம். கல்மேல் விழுந்திருக்கிறான். அதே முழங்கால். டோலி கட்டி நாலு பேர் கீழே தூக்கிப்போனார்கள். நான் பின்னால் நடந்தேன். வழி முழுக்க ஒரு முனகல் இல்லை. காரவள்ளியில் டோலியை இறக்கியபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம்” என்றான்.

அழுடா. ஒரு தடவையாவது அழுது தொலைடா. நான் எழுதிக்கிறேன்.

1940 பிப்ரவரி 20

உயிருக்குப் பயமில்லை. காலை எடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் முழங்கால் நேராகவே இறுகிவிட்டது. இனி மடங்காது என்கிறார்கள்.

இனி பூட்டிக்கொள்ளவும் செய்யாது.

1940 பிப்ரவரி 21

இன்று எழுதினேன். அவன் பக்கத்தில், செங்கோடன் சொன்னபடியே, பழைய மையில், பழைய தேதி போட்டு: ‘கல்கத்தா ஆட்டம். வலது முழங்கால். பந்து.’

காய்ந்த பிறகு பக்கத்துப் பக்கங்களோடு வைத்துப் பார்த்தேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. என் கண்ணுக்கே தெரியவில்லை. எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

தூக்கமும் வருகிறது. அவன் நினைத்தது தப்பு.

1940 மார்ச் 17

கருப்பண்ணன் ஒரு பார்சலைச் சுமந்துகொண்டு வந்தார். “வாத்தியாரே, இது லெட்டரில்ல, பாறாங்கல்லு” என்று திட்டிக்கொண்டே இறக்கினார். அச்சிட்ட காயப் பதிவேடுகள். ஆறு மாதிரிப் பிரதிகள். நான் போட்ட கோடுகள், நான் வைத்த கட்டங்கள், நான் வைத்த விதி, நல்ல வழவழப்பான காகிதத்தில். முதல் பக்கத்தில் என் பெயர். அதற்குக் கீழே காலி இடம். புதிதாகப் பதிவேடு எழுதப்போகிறவர்களுக்கு நான் ஒரு பக்கம் முன்னுரை எழுதித் தர வேண்டுமாம். ‘தங்கள் அனுபவத்திலிருந்து பொருத்தமான உதாரணங்களுடன்.’

அதை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சென்றாயன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கண்ணாயி பலகை போட்டாள். எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார, அவன் மட்டும் பலகைமேல், கால் முன்னால் மட்டையைப் போல நீட்டிக்கொண்டு. சாப்பிட்டு முடித்ததும் கண்ணாயி ஒரு பக்கம் தோளைக் கொடுத்தாள். எழுந்தான். எழுந்த பிறகு, பழக்கத்தில், வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கையில் மண் இல்லை. இனி அவன் தரைக்குக் குனிய வேண்டியதே இல்லை.

என்னைப் பார்த்துவிட்டு, “சாப்டீங்களா வாத்தியாரய்யா?” என்று கேட்டான்.

உள்ளே வந்து முன்னுரையை எழுதினேன். ஒரு பக்கம் வேண்டியிருக்கவில்லை. உதாரணமும் போடவில்லை. ஆறு வரி. அச்சில் போடுவார்களோ, ஒதுக்கிவிடுவார்களோ. நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன். இங்கே ஒரு பிரதி:

‘ஆட்டக்காரனிடம் வலிக்கிறதா என்று கேட்காதீர்கள். ஆட்டத்துக்கு வந்தானா என்றும் பார்க்காதீர்கள். இந்தப் பதிவேட்டில் எழுதத் தொடங்குமுன் எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்துங்கள். தரையில் குந்தச் சொல்லுங்கள். எழச் சொல்லுங்கள். யாருடைய கை தரைக்குப் போகிறது என்று பார்த்து, அவன் பெயருக்கு நேரே முதலில் எழுதுங்கள்.’